வெண்கலக்காவின் நாலு பல்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு நாற்காலிகள் இருந்தன. நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் வெண்கலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. குரல் அப்படி. கணீரென்று, எழுத்துக்கு எழுத்து தனியாக விழும். வண்டி ஓட்டுகிறவர்கள், "அக்கா லைன்ல இருந்தா போதும், கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்பார்கள். "கண்ணைத் திறந்தே ஓட்டுங்கப்பா, இல்லன்னா உங்களுக்கு வேற நான் ஒரு வண்டி அனுப்பணும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

பத்தொன்பது வருஷமாக அந்த வேலை. காதில் ஹெட்போன், வாய்க்கு எதிரே மைக், கண்ணுக்கு எதிரே திரை. அழைக்கிறவர்களில் கத்துகிறவர்கள் உண்டு, அழுகிறவர்கள் உண்டு, பேச்சே வராமல் மூச்சு மட்டும் விடுகிறவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து முகவரியைப் பிடுங்க வேண்டும். வண்டியை அனுப்ப வேண்டும். வண்டி போய்ச் சேரும்வரை, அந்த ஆறு நிமிஷமோ எட்டு நிமிஷமோ, வீட்டில் இருக்கிறவர்கள் கையாலேயே உயிரைப் பிடித்து வைக்கச் சொல்லித்தர வேண்டும். ரத்தம் வரும் இடத்தை இப்படி அழுத்துங்கள், குழந்தையை இப்படிக் கவிழ்த்துப் பிடியுங்கள் என்று. அதை அவள் ஒரே நிதானத்தில் சொல்லுவாள். குரலைக் கேட்டாலே பாதி நடுக்கம் நின்றுவிடும்.

வீட்டில் அந்தக் குரலுக்கு வேலையே இல்லை. அவள் கணவர் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில், தகட்டை அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். காது இரண்டும் போய்விட்டன. கருவி வாங்கி மாட்டிப் பார்த்தார். இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டதே தவிர பேச்சு கேட்கவில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மனைவியின் உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டார். வேறு யார் உதட்டையும் அவருக்குச் சரியாகப் படிக்க வராது. கடைக்காரர் பேசினாலும் டாக்டர் பேசினாலும் திரும்பி அவள் வாயைத்தான் பார்ப்பார். சண்டை போட்டால்கூட அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகாது. அவள் வாயை மட்டும் அசைத்துத் திட்டுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சண்டை முடிந்தது. "இது அநியாயம்" என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, மிச்சத்தையும் திட்டி முடிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், அவளுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, காலையில் வேலைக்குப் போன பஸ் திடீரென்று பிரேக் போட்டது. முன் சீட்டின் முதுகில் இருந்த இரும்புக் கம்பியில் போய் அவள் முகம் மோதியது. வலிகூட உடனே தெரியவில்லை. வாய்க்குள் கூழாங்கல் உருள்வதுபோல் இருந்தது. துப்பினாள். கையில் இரண்டு பல் விழுந்தது.

மேல்வரிசையில் முன்பல் நாலும் போயின. இரண்டு பஸ்ஸிலேயே. சதையில் தொங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இரு பக்கத்துக் கோரைப் பற்களும் ஆட்டம் கண்டிருந்தன. உதட்டில் ஆறு தையல். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "கண்ணுல படாம போச்சே, நாலு பல்லோட போச்சுன்னு நினைச்சுக்கோ" என்றார்கள். அவளும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தாள்.

வீக்கம் வடிந்த பிறகுதான் பேசிப் பார்த்தாள். "தண்ணி" என்று கேட்க வாயெடுத்தாள். வெறும் காற்று வந்தது. அதுவரை அவள் யோசித்ததே இல்லை. 'த' என்று சொல்ல வேண்டுமானால் நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் போய் முட்ட வேண்டும். 'ந' என்றாலும் அப்படித்தான். இப்போது முட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாக்கு ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. 'ச' விசில் அடித்தது. தையல் போட்ட உதடு வேறு மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. 'நான்' என்ற சொல்கூட அவளுக்கு வரவில்லை.

கழற்றி மாட்டுகிற பல் செட்டு ஒன்று செய்து கொடுத்தார்கள். இளஞ்சிவப்புத் தகட்டில் நாலு பல். தகடு அண்ணத்தில் ஒட்டி நிற்க வேண்டும். மாட்டினாலே குமட்டியது. அதைப் போட்டுக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் பழைய செய்தித்தாளை உரக்கப் படித்தாள். ஆறாவது வாரம் பேச்சு ஓரளவு திரும்பியது. சூப்பர்வைசர் ஐந்து நிமிஷம் பேச வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, உங்க எழுபது சதவீதம் மத்தவங்க நூறுக்குச் சமம்" என்று நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிடுவாள். ஈறு புண்ணாகியிருந்தது. கழற்றிய வாயைக் கணவர் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை. பேசும்போதெல்லாம் கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. அவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாளில் கேட்பதையே விட்டுவிட்டார். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார்.

வேலைக்குத் திரும்பிய பதினோராம் நாள் காலை, பத்தரை மணி இருக்கும், ஒரு பெண் அழைத்தாள்.

"எங்கப்பா சோபாவுல அப்படியே சாஞ்சிட்டாரு. கூப்பிட்டா பேசல!"

முகவரி கேட்டாள், வாங்கினாள், வண்டியை அனுப்பினாள். எட்டு நிமிஷம் என்று திரை காட்டியது. "மூச்சு விடுறாரா பாருங்கம்மா."

"கொர்ருன்னு ஒரு சத்தம் வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சோபாவில் வைத்து நெஞ்சை அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். கட்டாந்தரை வேண்டும். "தரையில படுக்க வைங்க" என்றாள். அந்த முதல் எழுத்தில் நாக்கு முட்டிய வேகத்தில் செட்டு அண்ணத்தை விட்டு நழுவி நாக்கின் மேல் உட்கார்ந்தது.

"அறையிலயா? எந்த அறையில?"

"இல்லம்மா, தரையில! தரையில!"

"சரி சரி, அறையில." அந்தப் பெண் போனை விட்டு முகத்தைத் திருப்பிக் கத்துவது கேட்டது. "அப்பாவைத் தூக்குங்க! உள் அறைக்குக் கொண்டு போகச் சொல்றாங்க!"

வெண்கலக்கா செட்டை உள்ளங்கையில் துப்பினாள். அது இன்னும் மோசம். அவள் கத்தினாள். காற்றும் எச்சிலும்தான் மைக்கில் தெறித்தன. அந்தப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம், கதவு சுவரில் இடிக்கும் சத்தம், ஒரு ஆண் "காலைப் பிடி, காலைப் பிடி" என்பது. பிறகு அந்தப் பெண்: "கட்டில்ல போட்டாச்சு. இப்ப என்ன பண்ணணும்? ஹலோ? என்ன சொல்றீங்கன்னே புரியல! ஐயோ, வேற யாராவது பேசுங்களேன்!"

பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கையில் பல்லையும் கண்ணில் நீரையும் பார்த்த உடனே லைனைத் தன் பக்கம் இழுத்தாள். "கட்டில்ல வேணாம்மா, கீழ இறக்குங்க. கீழ!"

அந்த மனிதர் பிழைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, ஒலிப்பதிவைப் போட்டார். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. முடிந்ததும் நிறுத்தினார். "உங்க மேல தப்புன்னு யாரும் சொல்லலம்மா. பெரிய அடைப்பு. எப்படியும் பொழச்சிருக்க மாட்டாருன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

செட்டைப் பல்லோடு பல் கடித்துப் பிடித்தபடி அவள் மெதுவாகக் கேட்டாள். "எப்படியும்னா எழுதியிருக்காரு?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அனேகமான்னு எழுதியிருக்காரு."

மறுநாளிலிருந்து அவளுக்கு ஆவண அறை. பழைய அழைப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. பேச வேண்டியதில்லை. பதினெட்டு மாதத்துக்குள் மைக்குக்குத் தகுதி என்று தேர்வில் காட்டாவிட்டால் அந்த நாற்காலிதான் நிரந்தரம் என்று விதி இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களின் அலறலைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். நடுவில், யாரும் பார்க்காதபோது, தன்னுடைய ஒலிப்பதிவையும் போட்டுக் கேட்டாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. அவளைத் தின்றது செட்டு நழுவியது அல்ல. 'கீழ' என்று ஒரு சொல் இருந்தது. அதற்குப் பல்லே தேவையில்லை. குழந்தைகூடச் சொல்லும். பக்கத்து நாற்காலிக்காரிக்கு உடனே வந்தது. பத்தொன்பது வருஷம் பழகிய தன் வாய்க்கு அது ஏன் வரவில்லை?

ஒரு மதியம் அந்த வீட்டு எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். செட்டைப் பார்க்கவே பிடிக்காமல் அதைப் போடுவதை நிறுத்தியிருந்தாள். பூட்டிய கடையின் முன்னால் நின்று அழைத்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாது. மன்னிப்பு என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். அதே பெண்தான் எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

அவள் பேசினாள். அழுகையோடு பேசினாள். அவள் காதுக்கே அது ஏதோ பிராணியின் சத்தம்போல் இருந்தது.

"யாரு? என்ன வேணும்? குடிச்சிட்டு போன் பண்றியா?" அந்தக் குரல் உடைந்தது. "எங்க வீட்ல சாவு விழுந்திருக்கு. வெக்கமா இல்ல உனக்கு?"

லைன் துண்டானது. பூட்டிய கதவில் சாய்ந்து அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் பல் டாக்டரிடம் போனாள். சைக்கிள் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அம்மாவின் கிளினிக். சுற்றி வளைக்காமல் பேசுகிற டாக்டர். ஸ்கேன் எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினார்.

"கழட்டி மாட்டுறது உங்களுக்கு நிக்காது. பக்கத்துப் பல்லும் ஆடுது, அதுல பாரம் ஏத்த முடியாது. எலும்புக்குள்ள திருகு வெச்சு அது மேல பல் கட்டணும். இம்ப்ளாண்ட். ரெண்டு திருகு போதும், நாலு பல்லையும் தாங்கும். ஆனா இங்க பாருங்க, அடிபட்டதுல முன்பக்கத்து எலும்பு கரைஞ்சு கத்தி முனை மாதிரி இருக்கு. இதுல திருகு எங்க உக்காரும்? மொதல்ல எலும்புத் தூள் வெச்சுத் தைக்கணும். அது எலும்பா இறுக ஆறு மாசம். அப்புறம் திருகு. அது பிடிக்க நாலு மாசம். அப்புறம்தான் பல்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். முடிந்துவிடும், பதினெட்டுக்குள் முடிந்துவிடும் என்று தோன்றிய நேரத்தில் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கறது தெரியுமா?"

தெரியாது.

"மூணு மாசச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி எட்டு. ஏழுக்குக் கீழ வந்தாதான் நான் கத்தியைத் தொடுவேன். இல்லன்னா புண்ணு ஆறாது, திருகு பிடிக்காது. மாத்திரை எழுதித்தர வேற டாக்டர்கிட்ட அனுப்புறேன். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பஸ் கம்பெனியின் காப்பீடு செலவை ஏற்றுக்கொண்டிருந்தது, டாக்டர் கிடைத்திருந்தார், எல்லாம் இருந்தும் தன் ரத்தமே தனக்கு எதிராக நிற்கிறது.

அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் ஒரு டம்ளர் மோர், மாலையில் அரைக் கரண்டி சோறு. அதுவும் போதாது என்று தோன்றியது. ஒரு மாத்திரை போடச் சொன்ன இடத்தில் இரண்டு போட்டாள். எட்டாம் நாள் முற்பகல் ஆவண அறையில் எழுத்துகள் திரையில் நெளிய ஆரம்பித்தன. வியர்வை ஊற்றியது. எழுந்து நிற்க முயன்றவள் அலமாரியோடு சேர்ந்து சரிந்தாள். இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலிக்காரிதான் ஓடிவந்து, சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவி, அழுதுகொண்டே தன் அலுவலக முகவரிக்கே வண்டி அனுப்பச் சொன்னாள். வந்த டிரைவர், "ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கே ஆம்புலன்ஸா?" என்று வாசலில் சிரித்தவன், உள்ளே கிடந்தது யார் என்று பார்த்ததும் ஸ்ட்ரெச்சரை எடுக்கத் திரும்பி ஓடினான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது எதிரே கணவர். அவள் கை வழக்கம்போல் வாய்க்குப் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கட்டில் விளிம்போடு அழுத்தினார். காது கேளாதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஊர்ல இருக்கிற புருஷன் எல்லாம் பொண்டாட்டியைப் பாத்து வாயை மூடு, வாயை மூடுங்கறான். நான் ஒருத்தன்தான் வாயைத் திற, வாயைத் திறன்னு கெஞ்சிட்டு இருக்கேன்! நாலு மாசமா நீ என்ன சொல்றேன்னே எனக்குத் தெரியல. நீ சாப்பிடலன்னு தெரியாது. ரெண்டு மாத்திரை போட்டது தெரியாது. நீ செத்துப் போயிருந்தா யாரோ வந்து எழுதிக் காட்டிச் சொல்லியிருப்பாங்க. எனக்கு இருக்கறது அந்த வாய் ஒண்ணுதானே. அதையும் மூடிட்டா நான் எங்க போவேன்?"

பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெண்கலக்கா அழுதாள். கை அவர் பிடியில் இருந்ததால் அழுகிற வாயை மூட முடியவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் எதிரில் அவள் வாயை மூடுவதில்லை. பல் இல்லாத உதட்டை அவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து படித்தார். பல சொற்கள் பிடிபடாது. பிடிபடாததைச் சிலேட்டில் எழுதினாள்.

சர்க்கரை முறையாக இறங்க ஐந்து மாதம் ஆனது. ஆறு புள்ளி எட்டு வந்த அன்றே டாக்டர் எலும்புத் தூள் வைத்துத் தைத்தார். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. இரண்டு வாரம் கஞ்சியைக் கரண்டியால் ஓரமாக ஊற்றிக் குடித்தாள். ஆறு மாதம் காத்திருந்து, மரத்துப் போகிற ஊசி நாலு போட்டு, இரண்டு திருகுகளை வைத்தார்கள். எலும்பில் துளை போடும்போது வலி இல்லை. மண்டைக்குள் யாரோ சுவரில் துளை போடுவதுபோல் அதிர்வு மட்டும் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை உசிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, கூரையில் இருந்த ஈரத்தின் கறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பதினொரு மாதமும் சில வாரமும் ஓடியிருந்தன. இன்னும் நாலு மாதம். கணக்கு சரியாக வரும்.

வரவில்லை. மூன்றாம் மாதம் இடது பக்கத்துத் திருகைச் சுற்றி ஈறு சிவந்தது. அமுக்கினால் நீர் கசிந்தது. டாக்டர் கருவியால் லேசாகத் தட்டினார். வலது பக்கம் 'டங்' என்று கேட்டது. இடது பக்கம் 'தொப்' என்றது. பிறகு அதை விரல்களுக்கு நடுவே வைத்துத் திருகினார். ஒட்டாத ஆணிபோல் அது கையோடு வந்துவிட்டது.

"பிடிக்கல" என்றார் டாக்டர். "நூத்துல சிலருக்கு இப்படி ஆகும். மூணு மாசம் ஆறவிட்டுத் திரும்ப வைக்கணும்."

அவள் இறங்கி வந்தாள். சைக்கிள் கடைக்காரர் டயரைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நிற்கும்வரை நின்று பார்த்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. தனக்கு இது கிடைக்க வேண்டிய தண்டனைதான் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் கல் மாதிரி உட்கார்ந்தது. தன் வாயால் ஒரு மனிதர் போனார். அந்த வாய்க்குள் எதுதான் நிலைக்கும்?

அதற்குப் பிறகு அவள் டாக்டரிடம் போகவில்லை. அழைப்பு வந்தால் எடுக்கவில்லை. மூன்று தேதிகள் தவறின. தன்னை நிரந்தரமாக ஆவண அறைக்கே மாற்றிவிடும்படி ஒரு விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்தாள். பையிலிருந்து குடையை எடுக்கப் போன கணவர் கையில் அது சிக்கியது. அவர் படித்தார். மடித்துத் திரும்ப வைத்தார். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, சிலேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளினிக்குக்குப் போனார்.

அவர் தனியாக எந்த டாக்டரிடமும் போனதில்லை. தன் காய்ச்சலுக்குக்கூட அவள்தான் உடன் போய்ச் சொல்லுவாள். வரவேற்பில் இருந்த பெண் என்னவோ கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. அவர் சத்தமாக, "எனக்குக் காது கேக்காது, டாக்டர் எழுதித்தரணும், எழுதித்தர்ற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரம். கடைசியில் டாக்டர் அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிலேட்டை ஒதுக்கிவிட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதினார். அதை அவர் மாலையில் அவள் முன் மேஜையில் வைத்தார்.

'வலது திருகு நல்லாப் பிடிச்சிருக்கு. இடது பக்கம் இன்னொன்னு வைக்க எலும்பு இருக்கு. உங்க தப்பால விழல. என் தப்பாலயும் விழல. வராம இருந்தீங்கன்னா பிடிச்சிருக்கிற ஒண்ணையும் இழந்துடுவீங்க. ஆபீஸுக்கு நான் கடிதம் தரேன். வியாழக்கிழமை வாங்க.'

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்களா?" என்று உதட்டை அசைத்தாள்.

"மூணு" என்றார் அவர். பொய்தான். "அங்க ஒருத்தனுக்குப் பல்லைப் பிடுங்கினாங்க. என்ன கத்து கத்தினானோ தெரியல, எல்லாரும் எழுந்து ஓடுறாங்க, நான் மட்டும் ஜம்முன்னு உக்காந்திருக்கேன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அது அழுகையாகிவிட்டது. வியாழக்கிழமை போனாள்.

அலுவலகம் இன்னும் ஒன்பது மாதம் தவணை கொடுத்தது. இரண்டாவது தடவையும் விழுந்துவிட்டால் என்ற பயத்தில் அவள் இடது பக்கத்தை நாக்கால்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாம் மாத முடிவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 'டங்' என்றன. டாக்டர் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். அவள் மூன்றாவது தடவையும் தட்டச் சொன்னாள்.

நாலு பல்லும் ஒரே துண்டாக வந்து உட்கார்ந்த நாளில் கண்ணாடியில் தெரிந்தவள் யாரோபோல் இருந்தாள். பழைய பல்லில் ஒன்று சற்றுக் கோணலாக இருக்கும். இவை வரிசையாக நின்றன. பேச்சு உடனே வரவில்லை. நாக்கு ஓட்டைக்கே பழகிப்போய் வழி தெரியாமல் இடித்துக்கொண்டது. கணவரோ பல் இல்லாத உதட்டைப் படிக்கப் பாடுபட்டுக் கற்றவர். "இப்பதான் கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது, அதுக்குள்ள மாத்திட்டாங்க" என்று சலித்துக்கொண்டார். ஆறு வாரம் இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து செய்தித்தாளை வரி வரியாகச் சொல்லியும் படித்தும் பழகினார்கள்.

தேர்வில் சூப்பர்வைசர் மறுபக்கத்து லைனில் ஒரு டிரைவரை உட்கார வைத்திருந்தார். இருபது முகவரிகள். ஓடுகிற வண்டியின் இரைச்சலில் அவன் கேட்டு எழுத வேண்டும். அவன் பத்தொன்பதைச் சரியாக எழுதினான். இருபதாவது தவறு அவனுடையதா அவளுடையதா என்று ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அவளுடையதுதான். 'ச' இன்னும் மெலிதாக விசில் அடித்தது. பத்தொன்பது போதும் என்றது விதி. நான்காவது நாற்காலியில் வேறொரு பெண் வந்துவிட்டிருந்தாள். இவளுக்கு ஒன்பதாவது நாற்காலி கிடைத்தது.

முதல் அழைப்புக்குக் கையை நீட்டினாள். எடுத்தாள். மாடிப்படியில் விழுந்து கணுக்கால் பிசகிய ஒருவர். பெரிதாக ஒன்றுமில்லை. பேசி முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்றாள். பிறகு வந்து அடுத்ததை எடுத்தாள்.

அந்த வீட்டு எண்ணுக்கு அவள் மறுபடி அழைக்கவில்லை. இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். ஆனால் சொன்னால் யாருக்குப் பாரத்தை இறக்கிவைத்த மாதிரி இருக்கும், அந்தப் பெண்ணுக்கா தனக்கா என்று யோசித்து யோசித்து நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை காலையில் கிளினிக்கின் படியேறுகிறாள். சமீபத்தில் போனபோது டாக்டர் சுத்தம் செய்து, தட்டிப் பார்த்து, சர்க்கரைச் சீட்டையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

"எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?"

"பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம். ஆனா எழுதித்தர மாட்டேன்."

"சரி" என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு மதிய ஷிப்டு. பஸ்ஸில் இப்போதெல்லாம் அவள் உட்காருவதில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டே போனாள்.